ஓடாதே என்றாலும் அழுகிறாள், சாப்பிடு என்றாலும் அழுகிறாள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மா, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு எனக்கு வேலை. மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். 1500 மீட்டர் ஓடுகிறாள். போன வருஷம் ஜூலையில் 4 நிமிஷம் 58 நொடி. டிசம்பரில் மாநிலப் போட்டியில் 4.47, வெள்ளி வாங்கினாள். அதோடு இறங்குமுகம். பிப்ரவரியில் 4.55, இந்த ஜூனில் 5.04. இன்னும் 2 கிலோ குறைந்தால் பழைய வேகம் வரும் என்கிறார் பயிற்சியாளர். 49 கிலோ இருந்தவள் இப்போது 44. காலையில் இரண்டு தோசை, மத்தியானம் சோறு தொடுவதே இல்லை, ராத்திரி இரண்டு சப்பாத்தி. முழங்காலுக்குக் கீழே வலி. ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்கிறாள், விடியுமுன் எழுந்து ஓடப் போய்விடுகிறாள். சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்தவள் அதையும் விட்டாச்சு. மாமா மகள் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு நாள் பயிற்சி போச்சே என்று மண்டபத்தின் பின்னால் நின்று அழுதாள். ஆகஸ்டில் தேர்வுப் போட்டி இருக்கிறது. பெரிய ஆட்கள் எல்லாரும் இப்படிக் கஷ்டப்பட்டுத்தானே வந்தார்கள்? எனக்க மோளுக்க ஆசைக்கு நான் தடையா நிக்கப்பிடாது. ஆனா பயமாட்டு இருக்கு. வேற ஒரு காரியம், அவளுக்க அம்மை சொன்னது: ஏழு மாசமாட்டு பிள்ளைக்கு மாதவிலக்கு இல்ல."

அண்ணே,

நீங்கள் 'வேற ஒரு காரியம்' என்று கடைசியில் எழுதியதுதான் முதல் காரியம். அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஏழு மாதம் என்றால் நவம்பரில் நின்றிருக்கிறது. வெள்ளிப் பதக்கம் டிசம்பரில். இந்த இரண்டு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை 49இலிருந்து இறங்கத் தொடங்கிய புதிதில் பிள்ளை வேகமாக ஓடினாள். சுமக்கும் பாரம் குறைந்தது, உடம்பில் பழைய இருப்பு மிச்சம் இருந்தது. ஓட்டக்காரர்களை மாட்டிவிடுகிற பொறி இதுதான். முதல் இரண்டு மூன்று மாதம் பட்டினி கூலி கொடுக்கும். குறைந்தால் வேகம் வரும் என்று பிள்ளையின் மனசு படித்துக்கொள்ளும், பயிற்சியாளரும் அதையே படித்துக்கொள்வார். பிறகு நேரம் கூடக் கூட, இன்னும் குறைக்கவில்லையே என்றுதான் இரண்டு பேருக்கும் தோன்றும். 5.04க்குக் காரணம் கூடுதல் எடை என்று எப்படிச் சொல்வது? 4.47 ஓடியபோது அவள் இப்போதைவிடக் கனமாக அல்லவா இருந்திருப்பாள்?

உள்ளே நடப்பதை வீட்டுச் செலவு மாதிரி யோசியுங்கள். வரும்படி குறைந்த வீட்டில் அரிசியும் கரண்ட் பில்லும் நிற்காது. வெள்ளையடிப்பு நிற்கும், விசேஷம் தள்ளிப்போகும். உடம்பும் அப்படித்தான். ஓட்டத்துக்கே சக்தி எல்லாம் போய்விட்டால், இப்போதைக்குப் பிள்ளைப்பேறுக்கான ஏற்பாடு வேண்டாம் என்று மூளை முடிவெடுத்து, மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன்களைக் குறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும். எலும்பைக் கட்டிக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பெண் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பில் சுமார் 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். உங்கள் மகள் சேமிக்க வேண்டிய கடைசி வருடத்தில் எடுத்துச் செலவழிக்கிறாள். அந்தக் கால் வலிக்கு எண்ணெய் தேய்த்தால் போதாது என்று நான் பயப்படுவதும் இதனால்தான்.

ஓடும் ஓட்டத்துக்குத் தகுந்த சாப்பாடு இல்லாமல் உடம்பு இப்படி ஒவ்வொன்றாக நிறுத்துவதற்கு ரெட்-எஸ் (RED-S) என்று ஒரு பெயர் இருக்கிறது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வைத்த பெயர். அதற்கு முன் பெண்களுக்கு மட்டும் வருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பையன்களுக்கும் வரும், வெளியே தெரிகிற அடையாளம் குறைவு, அவ்வளவுதான்.

கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும், நொடிக்கணக்கு எழுதுகிறவர் நீங்கள். 44 கிலோவில் கொழுப்பு நீக்கினால் சுமார் 38 கிலோ. அந்த ஒவ்வொரு கிலோவுக்கும், ஓடிய செலவு போக, நாளுக்கு 45 கலோரி மிஞ்சினால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 30க்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் கதவுகள் ஒவ்வொன்றாக மூடும். ஓடுவதற்குக் கிலோமீட்டருக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கலோரி. அவள் நாளுக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் 528. ஆக 2200க்குக் குறையாமல் வேண்டும். நீங்கள் எழுதிய தோசை, சப்பாத்தியோடு டீயும் மற்றதும் சேர்த்தாலும் 1200 தாண்டாது. அதில் ஓட்டச் செலவைக் கழித்துப் பாருங்கள், கிலோவுக்கு 18கூட வராது. இந்தக் கணக்கு உங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும். பிள்ளையிடம் கலோரி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஏற்கெனவே அவள் மண்டைக்குள் ஒரு தராசு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

இனி நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி: பெரிய ஆட்கள் எல்லாரும் இப்படித்தானே வந்தார்கள்?

நம் ஊரிலிருந்து கேரள எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போய் லாட்டரி எடுக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். பம்பர் அடித்தவர் படம் பேப்பரில் வரும். களியக்காவிளை பஸ்சில் கிழித்துப் போட்ட சீட்டுகளை யாரும் படம் எடுப்பதில்லை. காலை உடைத்துக்கொண்டு 19 வயதில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் என் அறைக்கு வருகிறார்கள், டிவிக்கு வருவதில்லை.

பி.டி. உஷா கதையை எல்லாரும் சொல்கிறோம். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், 55.42 நொடி, நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலம் போனது. கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஒலிம்பிக்ஸ் வரை போனார் என்று நம்மூர் விளையாட்டு விழா மேடைகளில் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் உஷா அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒலிம்பிக் கிராமத்தில் தனக்கு ஒத்துவந்த சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட வேண்டிவந்தது, கடைசி 35 மீட்டரில் சக்தி இல்லாமல் போனது என்றுதான் பிற்பாடு சொன்னார். நாம் அந்தக் கதையைத் தலைகீழாக மாட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொருத்தி, மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண். உங்கள் மகள் ஓடும் அதே 1500 மீட்டர், அதே 17 வயது. 2013இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தாள். உலகமே அவளைப் பார்த்தது. பிறகு காணாமல் போனாள். 2019இல் அவளே வாய் திறந்தாள்: எடையைக் குறை, குறை என்று நெருக்கினார்கள், மூன்று வருடம் மாதவிலக்கு இல்லை, ஐந்து எலும்புகள் உடைந்தன. பணத்துக்கோ வசதிக்கோ அங்கே குறைவில்லை. அங்கேயே அப்படி என்றால் நம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அதற்காக, உயரத்துக்கு விலையே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உண்டு. ஒன்பது மணிக்குப் படுக்கிற பிள்ளைக்குக் கூட்டுக்காரிகள் குறைவார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எல்லாரும் போகும்போது அவள் மட்டும் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டியிருக்கும். தோற்ற நாளில் சோறு இறங்காது. ஜெயித்த மறுநாள்கூட வெறுமையாக இருக்கும்; 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்ஸுக்குப் பிறகும் மனச்சோர்வில் விழுந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கெல்லாம் பிள்ளையுடையது. கொடுக்கத் தயார் என்று அவள் சொன்னால் கொடுக்கட்டும், நீங்கள் தடுக்க வேண்டாம். எலும்பும் கர்ப்பப்பையும் அந்தக் கணக்கில் வராது. அவை வருங்காலத்தில் 40 வயதில், 60 வயதில் இருக்கப்போகிற ஒரு பெண்ணுக்குச் சொந்தமானவை. 17 வயதுக்காரி அவளிடம் கேட்காமல் எடுத்து அடகு வைக்க முடியாது. அந்த இரண்டாவது கணக்குக்கு நீங்கள்தான் காவல்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. கல்லூரியில் நானும் தடை ஓட்டம் ஓடியவள். இடது பாதத்தில் எலும்பில் கீறல் விழுந்ததோடு ஒரு பல்கலைக்கழகப் போட்டியில் ஓடினேன். சரியாகிவிடும் என்று சொல்லி இறுகக் கட்டுப் போட்டுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தேன். பிறகு ஒரு வருடம் ஓடவில்லை, அதற்குப் பிறகு ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. அன்று நிறுத்தியிருக்கலாமே என்று என் கணவர் கேட்பார். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடைசித் தடையைத் தாண்டிய நொடியை நினைத்தால் இன்றைக்கும் பாதி மனசு மறுபடி ஓடு என்றுதான் சொல்கிறது. அதனால்தான், எனக்குச் சம்மதம் என்று 17 வயதுப் பிள்ளை சொன்னால் நான் அதை முழுச் சம்மதமாக எடுப்பதில்லை. அந்த வெறி அப்படிப்பட்டது. கெட்டது அல்ல, ஆனால் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாது.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒட்டுப் போட்ட இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆகாத ஒட்டுமரத்தில் கத்தி வைப்பீர்களா? தினமும் வெட்டுவீர்களா? தினமும் வெட்டிய மரத்தில் பட்டை மரத்துப்போகும், வெளியே இலையும் கொப்பும் நன்றாகத்தான் இருக்கும், சிரட்டையில் மட்டும் பால் விழாது. அப்போது இன்னும் ஆழமாக வெட்டினால் பால் வருமா? மரத்துக்கு ஓய்வு கொடுப்பீர்கள். முறித்து விற்கப்போகிற மரத்தில்தானே கடும்வெட்டு வெட்டுவோம். இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவளிடம் இதை நீங்களே சொல்லுங்கள், டாக்டர் சொல்வதைவிட அப்பா சொன்னால் கேட்பாள். ஒரு நாள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பால் வற்றிய ஒரு மரத்தைக் காட்டிச் சொன்னால் இன்னும் நல்லது.

செய்ய வேண்டியது. இந்த வாரமே ஓட்டத்தை நிறுத்த வேண்டும், எப்போது தொடங்கலாம் என்பது பரிசோதனைக்குப் பிறகு. ஆகஸ்ட் போட்டி போகும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலி ஒரு விரல் நுனி அளவு இடத்தில் இருக்கிறதா, காலின் உள்பக்கம் நீளமாகப் பரவி இருக்கிறதா என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரே புள்ளி என்றால் எலும்பில் கீறல் இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியாகிவிட வேண்டாம்; முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். தொடை இடுக்கில் வலி வந்தாலோ நொண்டினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், இடுப்பு எலும்புக் கழுத்தில் கீறல் என்றால் விளையாட்டல்ல.

மாதவிலக்கு நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சினைப்பையில் நீர்க்கட்டி. அதனால் ரத்தப் பரிசோதனை, கூடவே இரும்புச்சத்து இருப்பு, வைட்டமின் டி. வழக்கமாகக் கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவோம். அது எல்லாப் பெண்களுக்கும் எழுதுவது, உங்கள் மகள் மேல் சந்தேகம் இல்லை. அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அங்கே வந்து முகம் கறுக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரையும் மகளிர் மருத்துவரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, மாதவிலக்கு வரவைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் போகும், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும், எலும்பு அப்படியேதான் இருக்கும்.

சாப்பாட்டில் எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் நாலு மணிக்குப் பால்வெட்டப் போகிறீர்கள், அண்ணி பின்னால் பால் எடுக்க வருகிறார். பிள்ளை ஓடிவிட்டு வரும்போது வீட்டில் யாரும் இல்லை, அப்படித்தானே? ஓடி வந்த அரை மணி நேரத்துக்குள் உடம்புக்குக் கிடைப்பது தங்கம். ஆளில்லாத அடுக்களையில் அந்தப் பிள்ளை ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பும். வெறும் வயிற்றில் சாயா, அதற்குப் பின்னால் தோசை என்றால் தோசையில் இருக்கிற கொஞ்சம் இரும்புச்சத்தும் சரியாக ஒட்டாது. வெட்டு இல்லாத நாட்களிலாவது நீங்கள் இரண்டு பேரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். புட்டும் பயறும், அவித்த ஏத்தம்பழம், முட்டை, மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் சாளைக் குழம்பும், சாயந்திரம் மரச்சீனிக்கிழங்கு. உளுந்தங்களி செய்து கொடுக்கச் சொல்லுங்கள், வயசுக்கு வந்தபோது கொடுத்ததுதானே. டப்பாவில் வருகிற புரோட்டீன் பொடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 'சாப்பிடு, சாப்பிடு' என்று அண்ணி தட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கவும் வேண்டாம், அது இன்னும் அடைக்கும். சாப்பிட்டதும் அவள் பாத்ரூம் போய் வாந்தி எடுப்பதாகத் தெரிந்தால் மட்டும் எனக்கு உடனே சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால், ராத்திரி ஆனாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழில் பேசலாம்.

கல்யாண மண்டபத்தின் பின்னால் நின்று அழுதாள் என்றீர்களே, அதை நான் இரண்டு முறை படித்தேன். ஓட ஆசைப்பட்டு அழுகிற பிள்ளை உண்டு, ஓடாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து அழுகிற பிள்ளையும் உண்டு. இரண்டும் வெளியே ஒன்றுபோல இருக்கும். முதலாவதுக்கு ஓய்வு நாள் பிடிக்கும், மறுநாள் துள்ளிக்கொண்டு போவாள். இரண்டாவதுக்கு ஓய்வே தண்டனை. உங்கள் மகள் இப்போது எதில் இருக்கிறாள் என்று எனக்குக் கடிதத்தை வைத்தே ஒரு யோசனை இருக்கிறது, ஆனால் அவளைப் பார்க்காமல் எழுத மாட்டேன். கொயரை மட்டும் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவள் ஓட்டக்காரியாக இல்லாமல் வேறு யாராகவாவது இருக்கட்டும்.

நின்றவர்கள் திரும்ப வருவதில்லை என்று அவள் சொல்வாள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் பெயரைச் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும். 2021 டோக்கியோவில், உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அணிப் போட்டியின் நடுவில் விலகினார். காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரியவில்லை, விழுந்தால் கழுத்து போகும். எத்தனையோ ஏச்சு கேட்டார். 2024 பாரிஸில் மூன்று தங்கம். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள கீறல் சாதாரணமாக 6 முதல் 8 வாரத்தில் ஆறும், மாதவிலக்கு திரும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம். டிசம்பர் சான்றிதழ் எங்கும் போகாது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது என்று நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், தப்பில்லை, ரப்பர் விலை இருக்கிற இருப்பில் யாரும் போடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு அவள் காதில் விழுந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சியாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பார். நான் ஒரு கடிதம் தருகிறேன், நீங்கள் கையில் கொடுங்கள். எடை மெஷினை மைதானத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி அதில் எழுதியிருப்பேன். கேட்காவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

மழை பிடித்து வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் நாகர்கோவில் வாருங்கள். பயிற்சி எழுதி வைக்கும் நோட்டையும், இப்போது போட்டு ஓடுகிற ஷூவையும் கொண்டுவரச் சொல்லுங்கள், தேய்மானம் பார்க்க வேண்டும். முதலில் அவள் மட்டும் உள்ளே வருவாள், பிறகு அண்ணி. நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டிவரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், ரத்தம் எடுப்பதற்காகப் பட்டினியோடு கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.